ஸ்டோனர் டூம், ஸ்லட்ஜ் மெட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெவி மெட்டல் என்றாலே அசுர வேகம் என்று நினைத்திருப்பவர்கள் மெதுவாக நகரும் இந்த இரண்டு மெட்டல் வகைகளையும் கேட்டதும் திகைத்துப் போகிறார்கள். பிறகு கேள்விகள் வருகின்றன. நான் எதிர்கொண்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக இந்த இசையோடு வாழ்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்டோனர் டூமும் ஸ்லட்ஜும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டிலும் தாளம் மெதுவாக நகரும், கிதாரின் சுருதி இறங்கியிருக்கும், ஒலி தடித்துக் கரகரக்கும். ஆனால் அவை வந்த வழி வேறு வேறு. ஸ்டோனர் டூம் (‘ஸ்டோனர்’ என்றால் கஞ்சா புகைப்பவர்) 1970களின் பிரிட்டிஷ் ராக்கிலிருந்தும், அதற்கும் அடியில் இருக்கும் ப்ளூஸிலிருந்தும் வந்தது. ஹார்ட்கோர் பங்க் என்ற அதிவேக ராக் இசையை வாசித்த அமெரிக்க இளைஞர்கள் சிலர் வேகத்தைக் கைவிட்டபோது பிறந்தது ஸ்லட்ஜ்.

காதால் பிரித்தறிய வேண்டுமானால் முதலில் குரலைக் கவனியுங்கள். ஸ்டோனர் டூமில் பெரும்பாலும் ராகம் இருக்கும். தூரத்திலிருந்து ஓதுவதுபோல எதிரொலியோடு வரும். ஸ்லட்ஜில் தொண்டை கிழியும் கூச்சல். அடுத்து தாளம். ஸ்டோனர் டூம் ஒரு ரிஃப்பைப் பிடித்துக்கொண்டால், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு கிதார் வரியைப் பிடித்துக்கொண்டால், எளிதில் விடாது. கேட்பவர் அதில் ஊறிப்போகும்வரை வாசிக்கும். ஸ்லட்ஜ் அப்படி உங்களை நிம்மதியாக இருக்க விடாது. நத்தை வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே பங்க் வேகத்தில் பாய்ந்து, மறுபடியும் சட்டென்று நின்றுவிடும்.

எல்லைக் கோட்டில் நிற்கும் குழுக்களும் உண்டு. வட கரோலினாவின் வீட்ஈட்டரை இரண்டு பக்கத்தாரும் தங்களவர் என்பார்கள். அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

எல்லோரும் பிளாக் சாபத் என்ற குழுவிலிருந்தே கதையைத் தொடங்குவது ஏன்?

கதை அங்கேதான் தொடங்குகிறது என்பதால். அதிலும் குறிப்பாக ஒரு மனிதரின் இரண்டு விரல்களில்.

பின்னாளில் அந்தக் குழுவின் கிதார் கலைஞரான டோனி ஐயோமி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். 1965இல், பதினேழு வயதில், வேலையை விட்டுப் போக வேண்டிய கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் பறித்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர். ஆகவே நரம்பை அழுத்த வேண்டிய கையே வலது கைதான். இனி கிதார் வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் உலகப் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது.

ஐயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பிகள் செய்துகொண்டார். நழுவாமல் இருக்க மேலே தோல் ஒட்டினார். கனமான நரம்புகளை அழுத்தினால் வலித்ததால் மெல்லிய நரம்புகளைத் தேடிப் போனார். பின்னர் நரம்பின் இறுக்கத்தையே தளர்த்தினார். இறுக்கம் குறைந்தால் சுருதி இறங்கும். 1971இல் வெளிவந்த பிளாக் சாபத்தின் மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் பல பாடல்களுக்குக் கிதாரும், கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாரும் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கப்பட்டன. இன்றைய ஸ்டோனர் டூம் குழு எதைக் கேட்டாலும் அந்த ஆல்பத்தின் ஒலி அதற்குள் இருக்கும். வலியைக் குறைக்க ஒருவர் கண்ட வழி, ஒரு முழு இசை மரபின் அடிச்சுருதியாகிவிட்டது. இந்த இசையைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகளில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. மழை, மணியோசை, பிறகு மூன்றே சுரங்கள்: கீழே ஒரு சட்ஜம், மேல் ஸ்தாயி சட்ஜம், நடுவில் வந்து நின்று அதிரும் பிரதி மத்திமம். மெதுவான, கனமான மெட்டலான டூமின் அகர முதல் எழுத்து அது.

பிளாக் சாபத் குழுவுக்குப் பிறகு உடனே இந்த வகைகள் தோன்றிவிட்டனவா?

இல்லை. 1980களில் மெட்டல் உலகம் வேகத்தின் பின்னால் ஓடியது. வர்ஜீனியாவின் பென்டகிராம், லாஸ் ஏஞ்சல்ஸின் செயிண்ட் வைட்டஸ், சிகாகோவின் டிரபிள், ஸ்வீடனின் கேண்டில்மாஸ் எனச் சிலர்தான் மெதுவான பாதையை விடாமல் பிடித்திருந்தார்கள். செயிண்ட் வைட்டஸின் ஆல்பங்களை வெளியிட்டது எஸ்எஸ்டி. அது பிளாக் ஃபிளாக் என்ற பங்க் குழுவின் கிதார் கலைஞர் கிரெக் கின் நடத்திய இசைத்தட்டு நிறுவனம். டூமும் பங்கும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்தக் காலம், ஸ்லட்ஜ் பிறந்த கதைக்கு மிக முக்கியம்.

பாலைவனத்துக்கும் ஸ்டோனர் இசைக்கும் என்ன தொடர்பு?

கலிஃபோர்னியாவில் பாம் டெசர்ட் என்ற ஊர். அங்கே இளைஞர்கள் வாசிக்க அரங்கம் கிடையாது. ஆகவே டீசல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குள் போய், மேடையும் டிக்கெட்டும் இல்லாமல் விடிய விடிய வாசித்தார்கள். அங்கிருந்து வந்த குழு கையஸ். அதன் கிதார் கலைஞர் ஜாஷ் ஹோம், சுருதியை இறக்கியதோடு நிற்காமல் கிதாரை பேஸ் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தார். 1992இல் வந்த ‘புளூஸ் ஃபார் தி ரெட் சன்’ ஆல்பத்தில் அந்த உருண்டு திரண்ட ஒலியைக் கேட்கலாம். சரியாகச் சொன்னால் இது ஸ்டோனர் ராக். டூமின் கனம் இதில் குறைவு, துள்ளல் அதிகம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரே பாட்டு ஒரு மணி நேரமா? யார் கேட்பார்கள்?

நான் கேட்பேன். ‘டோப்ஸ்மோக்கர்’ என்ற அந்தப் பாட்டு சுமார் 63 நிமிடம். வாசித்தவர்கள் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்து மூவர்: பாட்டும் பேஸும் ஆல் சிஸ்னெரோஸ், கிதார் மேட் பைக், டிரம்ஸ் கிறிஸ் ஹாக்கியஸ். குழுவின் பெயர் ஸ்லீப்.

லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் இவர்களோடு ஒப்பந்தம் போட்டது. 1996இல் இவர்கள் பதிவு செய்து கொடுத்ததோ ஒரே ஒரு பாட்டு. நிறுவனம் வெளியிட மறுத்தது. இழுபறியில் குழுவே கலைந்துபோனது. 1999இல் அதன் 52 நிமிட வடிவம் ‘ஜெருசலேம்’ என்ற பெயரில் வந்தது; நீண்ட வடிவம் 2003இல்தான் வந்தது. இன்று ஸ்டோனர் டூம் என்றதும் எல்லோரும் சுட்டிக்காட்டுவது நிறுவனம் ஒதுக்கிய அந்தப் பதிவைத்தான்.

பாட்டுக்குள் என்ன நடக்கிறது? முதலில் கிதார் மட்டும். ஒரு சுரத்தை அடித்து, அது தானாக அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததை அடிக்கிறார் பைக். டிரம்ஸ் வந்து சேர்ந்ததும் அதே வரி நடக்கத் தொடங்குகிறது. எட்டு நிமிடம் தாண்டியும் குரல் வருவதில்லை. வரும்போது வேதம் ஓதுவதுபோல ஓரிரு சுரங்களுக்குள்ளேயே நிற்கிறது. பாலைவனம் கடந்து நாசரேத்தை நோக்கிப் போகும் ஒரு யாத்திரைக் கூட்டத்தைப் பாடுகிறது. இருபதாவது நிமிடத்தில் நீங்கள் ரிஃப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஹாக்கியஸ் சிம்பலில் செய்யும் சிறு மாற்றங்களைக் கவனிக்கத் தொடங்கியிருப்பீர்கள். பாட்டின் நீளத்துக்குக் காரணம் அதுதான். ஐந்து நிமிடத்தில் காது அந்த நிலைக்கு வராது.

பின்னர் பைக் நடத்திய ஹை ஆன் ஃபயர் 2019இல் கிராமி விருது பெற்றது. சிஸ்னெரோஸ், ஹாக்கியஸுடன் சேர்ந்து ஓம் என்ற குழுவைத் தொடங்கினார். அந்தக் குழுவின் 2012 ஆல்பத்துக்கு ‘அத்வைதிக் சாங்ஸ்’ என்று பெயர். முதல் பாட்டின் தொடக்கத்தில் மகா மிருத்யுஞ்சய மந்திரம் பெண் குரலில் ஒலிக்கிறது. தம்புராவின் ரீங்காரத்தோடு வளர்ந்த நம் காதுக்கு அந்த ஆல்பம் மிக எளிதில் வசப்படும். ஸ்லீப் மீண்டும் இணைந்து 2018 ஏப்ரல் 20 அன்று முன்னறிவிப்பு ஏதுமின்றி ‘தி சயின்சஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது.

பிரிட்டனில் யாரும் இல்லையா?

டார்செட் பகுதியிலிருந்து வந்த எலக்ட்ரிக் விஸர்ட் குழு இருக்கிறது. 2000இல் வந்த ‘டோப்த்ரோன்’ இந்த வகையின் மிகக் கனமான ஆல்பம் என்று பலர் சொல்வார்கள்; நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஸ்லீப்பின் இசையில் பக்தி இருக்கிறது. எலக்ட்ரிக் விஸர்டின் இசையில் இருப்பது வெறுப்பு. இரண்டும் ஒரே பிளாக் சாபத் ரிஃப்பிலிருந்து கிளைத்தவை என்பதே வியப்பு.

ஸ்லட்ஜ் எங்கே பிறந்தது?

1984இல் பிளாக் ஃபிளாக் ‘மை வார்’ ஆல்பத்தை வெளியிட்டது. முதல் பக்கம் வழக்கமான வேகம். தட்டைத் திருப்பிப் போட்டால் மூன்றே பாட்டுகள். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல் இழுத்து இழுத்து நகர்ந்தது. பங்க் ரசிகர்களில் பெரும்பாலோர் எரிச்சலடைந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் மான்டிசானோ என்ற சிற்றூரில் பஸ் ஆஸ்போர்ன் என்ற இளைஞருக்கு அந்த இரண்டாம் பக்கமே பாடமானது. அவருடைய குழுவான மெல்வின்ஸ் 1987இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ஸ்லட்ஜின் இலக்கணம் அநேகமாக முழுதும் இருக்கிறது. பக்கத்து ஊரான அபர்டீனிலிருந்து இவர்களுடைய ஒத்திகைகளுக்கு வந்துபோன கர்ட் கோபேன் பின்னாளில் நிர்வாணா என்ற ராக் குழுவைத் தொடங்கினார். டோக்கியோவின் போரிஸ் குழு தன் பெயரையே ஒரு மெல்வின்ஸ் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது.

பிறகு ஏன் எல்லோரும் நியூ ஆர்லியன்ஸைச் சொல்கிறார்கள்?

மெல்வின்ஸ் போட்ட விதை அந்த மண்ணில்தான் காடாக வளர்ந்தது. 1988இல் லூசியானா மாநிலத்தின் அந்த நகரத்தில் ஐஹேட்காட் குழு தொடங்கியது. க்ரோபார் வந்தது. மேற்கே லூசியானாவின் சதுப்பு நிலத்து ஊர்களிலிருந்து ஆசிட் பாத் வந்தது. ஒரே ஆள் இரண்டு மூன்று குழுக்களில் இருப்பார். ஐஹேட்காட்டில் கிதார் வாசிக்கும் ஜிம்மி பவர், டவுன் குழுவில் டிரம்ஸ் வாசித்தார்.

ஐஹேட்காட்டின் 1993 ஆல்பமான ‘டேக் ஆஸ் நீடட் ஃபார் பெய்ன்’ கேட்டுப் பாருங்கள். கிதாரை ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே பிடித்தால் எழும் கீச்சொலியை மற்றவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். இவர்கள் அதையே பாட்டின் வாசலாக வைத்திருக்கிறார்கள். அது உயர்ந்துகொண்டே போய், இனி தாங்காது என்னும்போது ரிஃப் விழுகிறது. அந்த ரிஃப் சுத்தமான ப்ளூஸ். தெற்கத்திய மாநிலங்களின் பழைய ஆட்டமும் அசைவும் அதில் இருக்கின்றன. மேலே மைக் வில்லியம்ஸின் குரல் மட்டும் எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் அலறும். வறுமை, போதை, நோய், போலீஸ் எல்லாம் அந்தக் குரலில் உண்டு. கூச்சலுக்கு அடியில் இத்தனை இலகுவாக அசையும் தாளத்தை வைக்க முடியும் என்பதை இவர்களிடமிருந்தே உலகம் கற்றது.

அந்தத் தாளத்துக்குப் பெரும் காரணம் டிரம்ஸ் வாசித்த ஜோயி லகேஸ். அவர் 2013இல் காலமானார். அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தில் அவர் இறப்பதற்கு முன் வாசித்துவைத்த டிரம்ஸே ஒலிக்கிறது.

க்ரோபாரின் கர்க் வின்ஸ்டைன் வேறு மாதிரி. துயரத்தைக் கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவார். ஸ்லட்ஜில் ராகத்துக்கு இடமுண்டு என்று காட்டியவர் அவர்.

இந்த ஒலி எப்படி உருவாகிறது?

வழக்கமான சுருதியில் கிதாரின் தடித்த நரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். இந்தக் குழுக்கள் அதை ‘சி’ சுரத்துக்கு இறக்கினால் 65. சிலர் இன்னும் கீழே, 55 வரை போவார்கள். நரம்பு தொய்ந்துவிடாமல் இருக்கத் தடித்த நரம்பு மாட்ட வேண்டும்.

அடுத்தது காலால் அழுத்தி இயக்கும் ஃபஸ் பெடல். கிதாரிலிருந்து வரும் அலையின் மேல்நுனியையும் கீழ்நுனியையும் அது தட்டையாக வெட்டிவிடுகிறது. வெட்டிய இடத்திலிருந்து புதிய அதிர்வெண்கள் கிளம்புகின்றன. காதில் அது கரகரப்பாக விழுகிறது. 1969இல் வந்த பிக் மஃப் பெடலும் அதன் வழித்தோன்றல்களும் இந்த வகையில் எங்கும் உண்டு.

இதில் ஒரு அழகான இயற்பியல் இருக்கிறது. இந்த இசையில் கிதார் பெரும்பாலும் சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே சேர்த்து வாசிக்கும். 65இல் சட்ஜம் என்றால் பஞ்சமம் 98. ஃபஸ் வழியாகப் போகும்போது இந்த இரண்டின் வித்தியாசமான 33இலும் ஒரு சுரம் எழும்பும். யாரும் அதை வாசிக்கவில்லை, ஆனாலும் ஒலிக்கும். அதே சுருதிக்கு இறக்கிய பேஸ் கிதாரின் தடித்த நரம்பு அதிர்வதும் அதே 33இல்தான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான் நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

கடைசியாக, வால்வு ஆம்ப்ளிஃபயர்கள்: ஆரஞ்ச், மேட்டாம்ப், சன் நிறுவனத்தின் மாடல் டி, பேஸுக்கு 300 வாட் ஆம்பெக் எஸ்விடி. பழைய சன் பெட்டிகளுக்காக இன்றும் கலைஞர்கள் அலைகிறார்கள்.

மெதுவாக வாசிப்பது எளிதுதானே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நிமிடத்துக்கு 200 அடி வாசிப்பவருக்கு ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.3 விநாடி. 50 அடி வாசிப்பவருக்கு 1.2 விநாடி. அந்த வெற்றிடத்தில் நான்கு பேரும் ஒரே அளவில் மூச்சைப் பிடித்திருந்து ஒரே கணத்தில் இறங்க வேண்டும். யாராவது அவசரப்பட்டால் அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சௌக்க காலத்தில் பல்லவி பாடுவது எத்தனை கடினம் என்று கர்நாடக இசை கற்றவர்களைக் கேளுங்கள். அதே கடினம்தான் இங்கும்.

போதை இல்லாமல் இதைக் கேட்க முடியாதா?

தாராளமாக முடியும். கஞ்சா இந்த இசையின் பாடுபொருளில் இருக்கிறது, குழுக்களின் பெயர்களிலும் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யே ஐயோமியின் இருமலோடும் கஞ்சாவுக்கு ஒரு துதியோடும்தான் தொடங்குகிறது. ஆனால் இசை செய்யும் வேலையை இசையே செய்துவிடுகிறது. ரிஃப்பின் திரும்பல் மனத்தை ஒருமுகப்படுத்தும். அதற்கு வேறு துணை வேண்டாம். இந்தியாவில் கஞ்சா 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்லட்ஜில் போதை வேறு முகம் காட்டுகிறது. அங்கே அது கொண்டாட்டம் அல்ல, நோய். மைக் வில்லியம்ஸுக்கு 2016இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பாடல்கள் எதைப் பற்றியவை என்பதைப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

சாத்தான், கொலைகாரர்கள் என்று ஏன் இத்தனை இருட்டு?

சாத்தானும் சூனியமும் பெரும்பாலும் பழைய திகில் படங்களிலிருந்து எடுத்த அலங்காரம். அது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. தொடர் கொலையாளிகளைப் பாடுபொருளாக்கும் ஜப்பானின் சர்ச் ஆஃப் மிஸரி போன்ற குழுக்களின் வாசிப்பு அபாரம். பாடுபொருள் எனக்கு ஒவ்வாது. ஆசிட் பாத்தின் 1994 ஆல்பத்து அட்டையில் இருப்பது ஜான் வேய்ன் கேசி என்ற கொலையாளி வரைந்த ஓவியம். இசை அற்புதமானது. அந்த அட்டை தேவையே இல்லை. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன.

பின்னாளில் ஸ்லட்ஜ் எங்கே போனது?

ஜார்ஜியா மாநிலத்துக்கு. அட்லாண்டாவின் மாஸ்டடான் 2004இல் ‘மோபி டிக்’ நாவலை வைத்து ‘லெவையத்தன்’ ஆல்பம் செய்தது. சவன்னாவிலிருந்து கைலீசாவும் பரோனஸும் வந்தன. சிக்கலான தாளங்களும் இரட்டைக் கிதார் ராகங்களும் சேர்ந்தன. இன்னொரு பக்கம் ஓக்லாண்டின் நியூரோசிஸ் இதை நீண்ட, சடங்கு போன்ற இசையாக மாற்றியது.

இந்தியாவில் யாராவது வாசிக்கிறார்களா?

பெங்களூருவில் பெவார் சீ ஸ்டோனர் டூம் வாசித்தது, ஷெப்பர்ட் ஸ்லட்ஜ் வாசித்தது, ஜின் அண்ட் மிஸ்கடோனிக் டூம் வாசித்தது. மும்பையின் டர்ஜ் 2018இல் வெளியிட்ட ‘ஆ புச்’ உலகின் எந்த ஸ்லட்ஜ் ஆல்பத்தோடும் தோள் உரசி நிற்கும். ஷெப்பர்டின் 2015 ஆல்பத்தையும் தேடிக் கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் தொடங்குங்கள்; 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிடித்தால் ஸ்லீப்பின் ‘ஹோலி மவுண்டன்’. அங்கிருந்து ஒரு பாதை ‘டோப்த்ரோனுக்கு’ப் போகும். மறு பாதைக்கு மெல்வின்ஸின் 1993 ஆல்பமான ‘ஹவுடினி’, பிறகு க்ரோபார், கடைசியில் ஐஹேட்காட். ‘டோப்ஸ்மோக்கரை’ மட்டும் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத பொழுது வாய்க்கும்வரை வைத்திருங்கள்.

கைபேசி ஒலிபெருக்கியில் கேட்கவே கூடாது. அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் 65 அதிர்வெண்ணை எழுப்ப முடியாது. இசையின் பாதி உங்களை வந்தடையாது. நல்ல ஹெட்ஃபோன் போதும்.

நேரில் கேட்கும் வாய்ப்பு வந்தால், நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ரோட்பர்ன் விழாவானாலும் சரி, பெங்களூருவின் ஒரு சிறிய அரங்கமானாலும் சரி, காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலைப் பதினைந்து நிமிடம்தான் பாதுகாப்பாகத் தாங்கும் என்பது தொழில்சார் சுகாதார அளவுகோல். இந்தக் கச்சேரிகள் எளிதில் அதைத் தாண்டும். காதை அடைத்தாலும் எதையும் இழக்கமாட்டீர்கள். அந்த 33 அதிர்வெண் விலா எலும்பு வழியாகவே வந்து சேரும்.